மருத்துவ ஆய்விதழ்களின் சாவி யாரிடம் இருக்கிறது?

1982இல் ஐரோப்பிய ஆய்விதழ் ஒன்றில் ஒரு சிறு கட்டுரை வந்தது. லைபீரியாவில் சேகரித்த ரத்த மாதிரிகளைச் சோதித்துப் பார்த்த ஜெர்மானிய ஆய்வாளர்கள் எழுதியது. எபோலா வைரஸ் நிலைகொண்டிருக்கும் பகுதிகளோடு லைபீரியாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2014இல், எபோலா அந்த நாட்டுக்குள் பரவியது. அதுவரை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு இந்த நோய் புதியது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். லைபீரியாவில் மட்டும் ஏறத்தாழ 4,800 பேர் இறந்துபோனார்கள்.

2015 ஏப்ரலில் லைபீரியாவின் தலைமை மருத்துவ அதிகாரி பெர்னிஸ் டான், வேறு இருவரோடு சேர்ந்து நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றி எழுதினார். எச்சரிக்கை எப்போதோ வந்துவிட்டது, நம் கண்ணில்தான் படவில்லை என்பது அதன் சாரம். மாதிரி எடுத்தவர்கள் ஊருக்குத் திரும்பி அங்கே பிரசுரித்துவிட்டார்கள். கட்டுரையை எழுதியவர்களில் ஒரு லைபீரியர்கூட இல்லை. அத்தகைய கட்டுரை ஒன்றை 2015இலும் இணையத்திலிருந்து இறக்க 45 டாலர் ஆகும், அது அங்கே ஒரு டாக்டரின் அரை வாரச் சம்பளம் என்றும் கணக்குச் சொன்னார்கள்.

அந்த 45 டாலர் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. சொல்லாமல் விட்டுப்போனது ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் நடத்தும் ஹினாரி என்ற திட்டத்தில், ஆயிரக்கணக்கான மருத்துவ ஆய்விதழ்களைக் காசில்லாமல் படிக்கத் தகுதி பெற்ற நாடுகளில் லைபீரியாவும் ஒன்று. ஏட்டளவில் அந்த நாட்டுக்குக் கதவு திறந்துதான் இருந்தது. அப்படியும் ஒரு டாக்டர் தன் கைக்காசில் 45 டாலர் கொடுக்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போடும் நிலை ஏன் வந்தது? ஏழை நாடுகளில் மருத்துவ ஆய்வு எப்படிப் போய்ச் சேருகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதெல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுவோம். ஆய்விதழ்ச் சந்தாவைப் பெரும்பாலும் கட்டுவது தனி ஆள் இல்லை, நிறுவனம்தான். பல்கலைக்கழகமோ மருத்துவமனையோ பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போடுகிறது. அந்த நிறுவனத்தின் இணைய இணைப்புக்கு அதை அடையாளம் காட்டும் எண்ணாக ஒரு ஐபி முகவரி இருக்கும். அங்கிருந்து யார் வந்தாலும் பதிப்பகத்தின் தளம் நம்ம ஆள் என்று உள்ளே விட்டுவிடும். வளாகத்தைத் தாண்டிவிட்டால் அதே ஆள் அந்நியர். வீட்டிலிருந்து படிக்க நிறுவனம் தனியாக ஒரு லாகின் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். ஆக, எந்த டாக்டர் எதைப் படிக்கலாம் என்பது அவருடைய படிப்பையோ தேவையையோ பொறுத்தது அல்ல. அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்பதைப் பொறுத்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்துக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். சந்தா கட்டியிருந்த தளத்தின் பாஸ்வேர்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதப்பட்டு, நூலகரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பத்திரமாக இருந்தது. யாராவது கேட்டால் கொடுப்பீர்களா என்றேன். "யாரும் கேக்கறதில்ல சார்" என்றார். பத்தடி தள்ளி ஒரு முதுகலை மாணவி, தன் ஆய்வேட்டுக்காக ஒரு கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தச் சீட்டு இருப்பதே தெரியாது.

சுருக்கத்தை மட்டும் படிப்பது சின்ன விஷயம் இல்லை. கர்ப்பிணிகளிடமிருந்து குழந்தைக்கு ஹெச்ஐவி பரவாமல் தடுக்கும் பணியில் இருந்த ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதியைச் சேர்ந்த மருத்துவர் ஒருவரைப் பற்றி, 2006இல் பிளாஸ் மெடிசின் இதழ் எழுதியது. அவர் கைக்கு எட்டியது பெரும்பாலும் இணையத்தில் கிடைத்த ஆய்வுச் சுருக்கங்கள்தான். அப்படி ஒரே ஒரு சுருக்கத்தை நம்பி, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த சிகிச்சை முறையைவிட்டு அதைவிடப் பலன் குறைந்த ஒன்றுக்கு மாறிவிட்டார்கள். முழுக் கட்டுரை கிடைத்திருந்தால் அந்த ஆய்வு குறுகிய காலக் கண்காணிப்பை வைத்து எழுதியது, தரவுகள் அரைகுறை, தங்கள் நாட்டுக்குப் பொருந்துவது சந்தேகம் என்பதெல்லாம் தெரிந்திருக்கும். கட்டுரையின் உயிர் எப்போதும் முறையியல் பகுதியிலும் அட்டவணைகளிலும்தான் இருக்கிறது. சுருக்கம் என்பது, எழுதியவர் தன் கட்டுரைக்குத் தானே அடித்துக்கொண்ட விளம்பர நோட்டீஸ். அதில் கொஞ்சம் கூட்டிச் சொல்வது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

சரி, ஹினாரிக்கு வருவோம். 2000ஆம் ஆண்டு அப்போதைய ஐநா பொதுச்செயலாளர் கோஃபி அன்னான், ஏழை நாடுகளின் மருத்துவமனைகளுக்கு இணைய வழியில் மருத்துவத் தகவல் கொண்டுசேர்க்கும் ஒரு யோசனையை முன்வைத்தார். அதன் கிளையாக முளைத்தது ஹினாரி. 2001 ஜூலையில் ஆறு பெரிய பதிப்பகங்கள் உலக சுகாதார நிறுவனத்தோடு உடன்பட்டன. எல்சேவியர், ஸ்பிரிங்கர், வைலி, பிளாக்வெல், வால்டர்ஸ் குளுவர், ஹார்கோர்ட் ஆகியவை அவை. 2002 ஜனவரியில் சுமார் 1,500 ஆய்விதழ்களோடு திட்டம் தொடங்கியது. தலைக்கு ஆண்டு வருமானம் ஆயிரம் டாலருக்கும் கீழே இருந்த நாடுகளுக்கு முழுக்க இலவசம். அடுத்த ஆண்டே, அதற்குச் சற்று மேலே இருந்த நாடுகளையும் சேர்த்தார்கள். அங்கே ஒரு நிறுவனம் ஆண்டுக்கு ஆயிரம் டாலர் கட்ட வேண்டும். பிறகு இது 1,500 டாலர் ஆனது.

இதே அச்சில் வேளாண்மைக்கு 2003இல் அகோரா, சுற்றுச்சூழலுக்கு 2006இல் ஓஏஆர்இ, பிறகு காப்புரிமை சார்ந்த தொழில்நுட்பத்துக்கு ஒன்று, சட்டத்துக்கு ஒன்று என்று வந்தன. இப்போது எல்லாம் சேர்ந்து ரிசர்ச்4லைஃப் என்ற ஒரே குடையின் கீழ் நடக்கின்றன. 120க்கும் மேற்பட்ட நாடுகளில் பத்தாயிரத்துக்கும் அதிகமான நிறுவனங்கள் பதிவு செய்திருக்கின்றன. பல்கலைக்கழகம், கற்பித்தல் மருத்துவமனை, ஆய்வு நிறுவனம், அரசு அலுவலகம், உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஆகியவை சேரலாம். தனியாக கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் தன் பெயரில் சேர முடியாது.

லாபம் பார்க்கும் பதிப்பகங்கள் ஏன் இப்படித் தானம் செய்கின்றன? அவர்கள் லாபம் கொஞ்சநஞ்சமில்லை. எல்சேவியரின் அறிவியல் பதிப்புப் பிரிவு ஆண்டுதோறும் முப்பது சதவீதத்துக்கு மேல் லாபம் காட்டுகிறது. கட்டுரை எழுதுபவருக்குக் காசு கிடையாது, சரிபார்க்கும் சக ஆய்வாளருக்கும் கிடையாது. 2012இல் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகமே, ஆண்டுக்கு ஏறத்தாழ 37.5 லட்சம் டாலர் இந்தப் பதிப்பகங்களுக்குப் போகிறது, இதைத் தாங்க முடியவில்லை என்று தன் பேராசிரியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஹார்வர்டு!

பதில் எளிது. அச்சிட்ட இதழை இலவசமாக அனுப்பினால் காகிதச் செலவு, தபால் செலவு எல்லாம் உண்டு. மின்னிதழை ஒரு நாட்டுக்குக் கூடுதலாகத் திறந்துவிடச் செலவு ஏறக்குறைய பூஜ்ஜியம். மலாவி மருத்துவக் கல்லூரி எப்படியும் பல லட்சம் டாலர் கட்டி வாங்கப் போவதில்லை. வாங்க முடியாதவருக்குச் சும்மா கொடுத்தால் நஷ்டம் கிடையாது, நல்ல பெயரும் கிடைக்கும். இதில் குற்றம் காண நான் முயலவில்லை. இந்தக் கணக்கால்தான் பல நாடுகளில் முதுகலை மருத்துவப் படிப்பே நடக்கிறது. ஆனால் இந்தக் கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. வாங்க முடியாதவர் நாளைக்கு வாங்கக்கூடியவர் ஆகிவிட்டால்?

2011 ஜனவரியில் வங்கதேசத்துக்கு இதுதான் நடந்தது. எல்சேவியர், ஸ்பிரிங்கர் உள்ளிட்ட பதிப்பகங்கள் தங்கள் ஆய்விதழ்களை அந்த நாட்டுக்கான ஹினாரி பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாக அங்குள்ள நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் வந்தது. மொத்தம் 2,500 இதழ்கள் வாக்கில். அந்த நாடு ஒரே இரவில் பணக்கார நாடாகிவிடவில்லை. அங்கே ஒன்றிரண்டு நிறுவனங்களிடம் சந்தா விற்க முடியும் என்ற நிலை வந்திருந்தது, அவ்வளவுதான். ஹினாரி விதிப்படி ஒரு பதிப்பகம் எந்த நாட்டையும் தன் விருப்பப்படி விலக்கிவைக்கலாம்.

கதவு மூடப்பட்டவற்றில் ஒன்று டாக்காவில் இருக்கும் வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையம், ஐசிடிடிஆர்,பி. அதன் முன்னோடியான காலரா ஆய்வுக்கூடத்தில்தான் 1968இல் உப்பு சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்து காலராவைச் சமாளிக்க முடியும் என்று நிரூபித்தார்கள். இன்று நம் ஊர் மருந்துக்கடையில் ஓஆர்எஸ் பாக்கெட் கேட்டு வாங்குகிறோமே, அதற்கு வித்திட்ட இடங்களில் ஒன்று. இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று 1978இல் லான்செட் எழுதியது. அந்த லான்செட்டை நடத்தும் எல்சேவியர்தான் 2011இல் டாக்காவின் கதவை மூடிய பதிப்பகங்களில் ஒன்று. அங்கே பணியாற்றிய டிரேசி கோல்மூஸும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் முன்னாள் ஆசிரியர் ரிச்சர்ட் ஸ்மித்தும் உடனே கண்டித்துக் கடிதம் எழுதினார்கள். எங்கே? அதே லான்செட்டில். தன் முதலாளியைத் திட்டும் கடிதத்தைப் பிரசுரித்த ஆசிரியர் குழுவுக்கு ஒரு சபாஷ் சொல்லத்தான் வேண்டும்.

எதிர்ப்பு பலமாக இருந்ததால் சில நாட்களிலேயே பதிப்பகங்கள் பின்வாங்கின, இதழ்கள் திரும்ப வந்தன. ஆனால் எது சலுகை, எது உரிமை என்பது அந்தச் சில நாட்களில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பெருவைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர்கள் 2007லேயே இதைச் சுட்டிக்காட்டியிருந்தார்கள். பட்டியலில் பெயர் இருக்கிறது, சொடுக்கினால் திறப்பதில்லை, அதுவும் முதல்தர இதழ்களில்தான் இந்தப் பிரச்சினை என்பது அவர்கள் குறை.

இந்தியாவுக்கு இந்தச் சலுகையும் கிடையாது. 2002இல் இந்தியாவின் தலா வருமானம் ஆயிரம் டாலரில் பாதிகூட இல்லை. அந்த ஒரு அளவுகோல்படி பார்த்தால் நாம் முதல் வரிசையில் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு தனி இந்தியர் எவ்வளவு ஏழை என்பதைவிட, இந்தியா எவ்வளவு பெரிய சந்தை என்பது முக்கியமாகிவிட்டது. இன்றைக்கும் ரிசர்ச்4லைஃப் தகுதியைப் பார்க்கும்போது தலா வருமானம், மனித வளர்ச்சிக் குறியீடு இவற்றோடு நாட்டின் மொத்த வருமானமும் கணக்கில் வருகிறது. பெரிய நாட்டில் பிறந்த ஏழைக்கு அந்தப் பெரிய கணக்கே எதிரி. இலங்கை அந்தப் பட்டியலில் உண்டு. பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் ஒரு விதி, அந்தப் பக்கம் ஒரு விதி.

சென்னையில் இருந்துகொண்டு இதைப் பற்றிப் பல ஆண்டுகள் விடாமல் பேசியவர் தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம். யாராவது தருமம் செய்வார்கள் என்று காத்திருக்காமல், ஆய்வாளர்களே தங்கள் கட்டுரைகளின் பிரதிகளைத் தங்கள் நிறுவனத்தின் பொதுக் களஞ்சியத்தில் போட்டுவைக்க வேண்டும் என்பது அவர் வாதம். 2004இல் சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் இதற்கென்றே பயிலரங்குகள் நடந்தன. இந்தக் கருத்து இன்றுவரை நம் மருத்துவக் கல்லூரிகளில் பெரிதாக வேர் பிடிக்கவில்லை. அதற்குக் காசு தேவையில்லை, ஆனால் யாராவது ஒருவர் உட்கார்ந்து பொறுமையாகச் செய்ய வேண்டும்.

தானம் கிடைக்காத நாடு என்ன செய்யும்? கூட்டாகச் சேர்ந்து வாங்கும். கர்நாடகத்தில் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் 2003இல் ஹெலிநெட் என்ற பெயரில், தன் இணைப்புக் கல்லூரிகளைச் சேர்த்து மொத்தமாகச் சந்தா கட்ட ஆரம்பித்தது. டெல்லியில் தேசிய மருத்துவ நூலகம் 2008இல் எர்மெட் என்ற கூட்டமைப்பை அமைத்தது. எய்ம்ஸ், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு நிலையங்கள் போன்றவை அதில் வந்தன. தனியாகப் போய்ப் பேரம் பேசும் கல்லூரியைவிட எழுபது பேர் ஒன்றாகப் போனால் விலை இறங்கும் என்பது கோயம்பேடு சந்தைக்குப் போய்வருபவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இவற்றுக்கு நடுவே 2007இல் நடந்தது ஒன்று எனக்கு எப்போதும் தனியாகத் தெரியும். கோக்ரேன் நூலகம் என்பது ஒரு சிகிச்சையைப் பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்து, பலன் உண்டா இல்லையா என்று சொல்லும் தொகுப்பு. ஐசிஎம்ஆர் அதற்கு நாடு முழுமைக்குமான உரிமத்தை வாங்கியது. அதைப் படிக்க டாக்டராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை, எந்த நிறுவனத்திலும் இருக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. இந்தியாவுக்குள்ளிருந்து இணையத்தில் வந்தால் போதுமாக இருந்தது. குறைந்த வருமான நாடுகளில் முதலில் இதைச் செய்தது இந்தியா. இதற்குப் பின்னணியில் உழைத்தவர்களில் வேலூர் சிஎம்சியில் இயங்கிய தெற்காசிய கோக்ரேன் மையத்தினருக்குப் பெரிய பங்கு உண்டு. நிறுவனம் என்ற வேலியையே எடுத்துவிட்ட திட்டம் அது. அதற்குப் பிறகு வந்த பெரிய திட்டங்கள் எதுவும் அந்த அளவுக்குத் துணியவில்லை.

பெரிய திட்டம் என்றால் ‘ஒரே நாடு, ஒரே சந்தா’தான், அதாவது நிறுவனங்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டுவது. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். சுமார் 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் பயன்பெறுவார்கள் என்கிறது அரசு. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஆண்டுக்கு 1,100 ரூபாய் சொச்சம். ஒரு கட்டுரைக்கு 30, 40 டாலர் என்று தனியாகக் கேட்கும் பதிப்பகங்களிடம் இது மோசமான பேரம் இல்லை. தமிழ்நாட்டில் அண்மைக் காலத்தில் திறந்த மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு இது உண்மையிலேயே பெரிய மாற்றம். நேற்றுவரை ஐந்தாறு அச்சிதழ்களை வைத்து ஓட்டிக்கொண்டிருந்த நூலகம் இன்று டெல்லி எய்ம்ஸ் நூலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

ஆனால் பட்டியலில் யார் என்று பாருங்கள். மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்கள், அப்புறம் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்கள். தனியார் கல்லூரிகளுக்கு இந்த முதல் கட்டத்தில் இடமில்லை. கோக்ரேனை நாட்டுக்கே கொண்டுவர உழைத்த வேலூர் சிஎம்சி தனியார் நிறுவனம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் வாங்கும் கல்லூரி தானே சந்தா கட்டட்டும் என்று சொல்வதில் ஒரு நியாயம் இருக்கலாம். எல்லாத் தனியார் நிறுவனமும் ஒரே ரகம் இல்லை என்பதும் உண்மை. எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. ஆரம்ப சுகாதார நிலையம் கல்லூரியும் இல்லை, ஆய்வு நிறுவனமும் இல்லை. அதன் மருத்துவ அலுவலர், படித்து முடித்துக் கல்லூரியை விட்டு வெளியே வந்த அன்றே, தன் ஐபி முகவரியை இழந்துவிடுகிறார். நோயாளியைப் பார்க்கத் தொடங்கும் நாளில் வாசிக்கும் உரிமை முடிந்துபோகிறது. லைபீரிய டாக்டரின் 45 டாலருக்கும் இவருக்கும் அதிக தூரமில்லை.

இதே காலத்தில் இன்னொரு பக்கம் திருட்டு வழியும் பெருகியது. கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்ஸாந்திரா எல்பாக்கியான் 2011இல் தொடங்கிய சை-ஹப், பூட்டிய கட்டுரைகளைக் கோடிக்கணக்கில் வெளியே கொட்டியது. 2020 டிசம்பரில் எல்சேவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் மூன்றும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2025 ஆகஸ்டில் தளத்தை முடக்க உத்தரவு வந்தது. அறம் எந்தப் பக்கம் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை, இரு பக்கத்திலும் நேர்மையானவர்கள் உண்டு. ஆனால் இந்த வழிக்கு நூலகத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு சிக்கல்கள் தெரியும்.

ஒன்று, சந்தாவைப் புதுப்பிக்கும்போது நிர்வாகம் பார்ப்பது பயன்பாட்டுக் கணக்கை. எத்தனை பேர் எத்தனை கட்டுரை இறக்கினார்கள்? எல்லோரும் வேறு வழியில் எடுத்துக்கொண்டிருந்தால் கணக்கில் பூஜ்ஜியம் நிற்கும், யாரும் படிப்பதில்லை என்று அடுத்த ஆண்டு நிதி வெட்டப்படும். அந்த நூலகரின் "யாரும் கேக்கறதில்ல" நினைவிருக்கிறதா? இரண்டாவது, மருத்துவத்துக்கே உரியது. 2020 மே 22 அன்று லான்செட்டில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொடுத்தால் கோவிட் நோயாளிகளுக்கு ஆபத்து என்று ஒரு பெரிய ஆய்வு வந்தது. தரவுகளைச் சரிபார்க்கவே வழியில்லை என்று தெரிந்து, ஜூன் 4 அன்று அதைத் திரும்பப் பெற்றார்கள். இதழின் தளத்தில் இன்று அந்தக் கட்டுரையைத் திறந்தால் திரும்பப் பெறப்பட்டது என்பது பளிச்சென்று தெரியும். ஆனால் மே கடைசியில் வாட்ஸ்அப்பில் சுற்றிய பிடிஎஃப்புக்கு அது தெரியாது. அது இன்னும் யாரோ ஒருவருடைய போனில் அப்படியேதான் இருக்கும்.

ஓப்பன் ஆக்சஸ் எனப்படும் திறந்த அணுக்கம், அதாவது கட்டுரையை யாரும் காசில்லாமல் படிக்கத் திறந்துவைப்பது, இதையெல்லாம் தீர்த்துவிடும் என்று இருபது ஆண்டுகளுக்கு முன் பலர் நம்பினார்கள். பாதி தீர்த்தது. அமெரிக்க அரசின் பப்மெட் சென்ட்ரல் 2000 முதல் முழுக் கட்டுரைகளை எல்லோருக்கும் திறந்துவைத்திருக்கிறது. அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியில் நடந்த ஆய்வுகளை 2008 முதல் ஓராண்டுக்குள் அங்கே வைத்தாக வேண்டும், 2025 ஜூலையிலிருந்து அந்த ஓராண்டு அவகாசமும் கிடையாது. நம் பக்கத்திலும் இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச் இலவசமாகவே கிடைக்கிறது. இலங்கை ஆய்விதழ்களுக்கென்று 2008இல் தொடங்கிய எஸ்எல்ஜேஓஎல் தளத்தில் யாழ்ப்பாண மருத்துவ இதழைக்கூட வீட்டிலிருந்தே படிக்கலாம்.

மீதிப் பாதி இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. படிப்பவரிடம் வாங்காத காசை எழுதுபவரிடம் வாங்க ஆரம்பித்தார்கள். நேச்சர் இதழில் கட்டுரையைத் திறந்த அணுக்கத்தில் வெளியிட 9,500 யூரோ என்று 2020இல் அறிவித்தார்கள். மிக ஏழை நாடுகளுக்குப் பல பதிப்பகங்கள் இந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன, அதற்குப் பெரும்பாலும் ஹினாரியின் நாட்டுப் பட்டியலையே எடுத்துக்கொள்கின்றன. இந்தியா அங்கேயும் வெளியேதான். ஆக, முன்பு படிக்க முடியாமல் நின்ற அதே ஆள், இப்போது படித்துவிட்டு எழுத முடியாமல் நிற்கிறார்.

நடைமுறைக்கு வருவோம். உங்கள் நிறுவனம் அரசுக் கல்லூரி என்றால் சந்தா இல்லை என்று முடிவுகட்டும் முன் நூலகரிடம் போய்க் கேளுங்கள். ‘ஒரே நாடு, ஒரே சந்தா’வில் பதிவாகியிருக்கிறதா, வளாகத்துக்கு வெளியே லாகின் உண்டா என்று இரண்டே கேள்விகள். பதிவே செய்யாமல் கிடக்கும் நிறுவனங்களும், பதிவு செய்துவிட்டு மாணவர்களுக்குச் சொல்லாத நிறுவனங்களும் ஏராளம். இலங்கையிலோ ஆப்பிரிக்க நாடொன்றிலோ வேலை செய்பவர் என்றால் ரிசர்ச்4லைஃப் பட்டியலில் நாட்டின் பெயரைப் பாருங்கள், பிறகு உங்கள் மருத்துவமனை ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். சேர விண்ணப்பிக்க வேண்டியது நிறுவனம். கட்டணம் கட்ட வேண்டிய நாடு என்றால், தொகையைவிட, வெளிநாட்டுக்கு டாலரில் பணம் அனுப்ப அரசு மருத்துவமனையில் கோப்பு நகர்த்துவதுதான் பெரிய பாடு. அதற்கு ஒரு நிதியாண்டுக்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது. பாஸ்வேர்டை வெளி ஆட்களுக்குக் கொடுப்பதோ, ஒரு இதழை முழுசாக இறக்கி வைப்பதோ கூடாது. ஒருவர் செய்தால் நிறுவனம் முழுவதுக்கும் கதவை மூடிவிடுவார்கள்.

எந்த நிறுவனத்திலும் இல்லாதவர், அல்லது அந்த ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர், முதலில் மருத்துவக் கட்டுரைகளுக்கான தேடுதளமான பப்மெட்டில் கட்டுரையைத் தேடி இலவசப் பிரதி இருக்கிறதா என்று பார்க்கலாம். கூகுள் ஸ்காலரில் தலைப்பைப் போட்டு எல்லாப் பதிப்புகளையும் விரித்தால், ஆசிரியரே தன் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைத்த பிரதி சில நேரம் கிடைக்கும். அன்பேவால் என்ற உலாவி நீட்சியைப் போட்டுக்கொண்டால் சட்டப்படி திறந்திருக்கும் பிரதி எங்கே இருக்கிறது என்று அதுவே காட்டிவிடும். எதுவும் கிடைக்காவிட்டால் கட்டுரையின் முதல் பக்கத்தில் தொடர்புக்குரிய ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும். நான் இந்த இடத்தில் இப்படி வேலை செய்கிறேன், இந்த நோயாளிகளுக்காக உங்கள் கட்டுரை தேவை என்று நான்கு வரி எழுதுங்கள். கேட்கும் சக மருத்துவருக்கு ஒரு பிரதி அனுப்புவதைப் பெரும்பாலான பதிப்பகங்களின் ஒப்பந்தமே அனுமதிக்கிறது. தன் கட்டுரையை ஒருவர் தேடிப்பிடித்துக் கேட்பதில் எழுதியவருக்கும் சந்தோஷம்தான், பெரும்பாலும் அனுப்பிவைப்பார். ஒரு வாரமாகியும் பதில் வராவிட்டால் பட்டியலில் அடுத்து இருக்கும் ஆசிரியருக்கு எழுதிப் பாருங்கள்.